உள் கைப்பிடி

ஒரு தட்டு என்றால் அடுத்த தகட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். அது வெளியே ஓஸ் பிடிப்பவர் தட்டுவது. இரண்டு தட்டு உள்ளே இருப்பவருடையது: ஒழுகுகிறது, நகராதே, அங்கேயே தண்ணீர் விடு. மூன்று தட்டினால் முடிந்தது, குழாயை மூடு. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளில் ஷவர் டெஸ்ட் என்றால் இதுதான் முறை. தகரத்தின் மேல் தண்ணீர் விழுகிற இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. தட்டுகிற சத்தம்தான் எலும்பு வழியாக வருவதுபோல வந்து சேரும். பூபதி இதைக் காலையில் மனைவி சாந்தாமணிக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருந்தார். "ஒண்ணு நானு, ரெண்டு நீங்க, மூணும் நீங்க," என்று அவள் விரல் மடக்கிச் சொல்லிக் காட்டினாள். "எனக்கு ஒண்ணுதானுங்களா?" என்று கேட்டாள். கேலியா என்று முகத்தைப் பார்ப்பதற்குள் குனிந்து ஓஸைச் சுருள் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு, தொலைதூரப் பயணத்துக்காகத் தானே மாற்றிக் கட்டுகிற பழைய வண்டிக்குள் அவர் ஏறிக்கொள்ள, பின்கதவை அவள்தான் வெளியிலிருந்து சாத்தினாள். டக்கென்று கொக்கி விழுந்தது. நல்ல சத்தம், தேய்மானம் இல்லாத கொக்கி என்று அவருடைய காது தானாகவே மதிப்புப் போட்டது. இருபத்தாறு வருஷம் பட்டறையில் கதவுப் பிரிவிலேயே இருந்த காது. அங்கே அவருக்குப் பெயரே டோர் பூபதி.

உள்ளே பொருத்தியிருந்த கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கூரையைப் பார்க்க அதுதான் தோது. வலது கையில் சாக்பீஸ், நெஞ்சின் மேல் டார்ச். கண்ணாடிகளில் பெயிண்டர் ஒட்டிய செய்தித்தாளை இன்னும் பிரிக்கவில்லை, அதனால் காலை பத்தரை மணி வெயில் உள்ளே வரும்போது பழைய காகிதத்தின் நிறமாகி வந்தது. தலைகீழான தலைப்புகள் வெளிச்சத்தில் ஊறித் தெரிந்தன. தண்ணீர் விழ ஆரம்பித்தது, முன்பக்கம், டிரைவர் அறைக்கு மேலே. பட்டறையில் மேலே குழாய்கள் வரிசையாக இருக்கும், ஒரே நேரத்தில் பஸ் முழுக்க மழை பெய்யும். செம்மடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த இந்தத் தகரக் கொட்டகையில் ஒரு ஓஸ், ஒரு முக்காலி, ஒரு சாந்தாமணி. உள்பக்கம் பிளைவுட் அடிப்பதற்கு முன்னால் இதை முடித்தாக வேண்டும். அடித்துவிட்டால் ஒழுகல் எங்கே பிறக்கிறது என்று தெரியாது, எங்கே வந்து சொட்டுகிறது என்பதுதான் தெரியும். ஒழுகலைத் தடுத்தபின் வண்டிக் கூட்டின் இரும்பு விலா எலும்புகளுக்கு நடுவே கிளாஸ்வுல், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் பிளைவுட். கண்ணாடி எல்லாம் இரட்டை. டிரைவர் அறைக்கும் இதற்கும் நடுவே இருந்த தகரத் தடுப்பை எடுக்காமல் வைத்துக்கொண்டார். சூடு முன்னால் ஓடிப்போகாது. தடுப்பில் இருந்த சின்ன நகர்த்துக் கண்ணாடி ஜன்னலையும் தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடியாகிவிட்டது. மார்கழி பிறந்து நாலாம் நாள் கிளம்பினால் வழியில் நின்று நின்று போனாலும் தை பிறக்குமுன் பனிமலை. பட்டறை நண்பர்கள் டீக்கடையில் வைத்துக் கேலி செய்தார்கள். "ஏப்பா டோரு, இருக்கிற காட்டுல வெயில் காயாம, அங்க போயி ரெண்டு பேரும் வெறைச்சுக் கட்டையாக் கெடக்கோணுமா? அப்பறம் ஆரு எடுத்துட்டு வாரது?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது டீ புரையேறியது. யார் எடுத்துக்கொண்டு வருவது. அந்தக் கேள்வி அவருக்காகவே கேட்கப்பட்டதுபோல இருந்தது, கேட்டவனுக்குத் தெரியாமலேயே.

பனிமலை லோகு சொன்னது. சாந்தாமணியின் தம்பி லோகநாதன். நாமக்கல்லிலிருந்து காஷ்மீருக்கு லாரி ஓட்டியவன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்து இறங்கி, "அக்கா, அங்க காலைல எந்திரிச்சு கண்ணாடியத் துடைச்சாத்தான் ஒலகமே இருக்குதான்னு தெரியும். ஒருக்கா உன்னயக் கூட்டிட்டுப் போறேன் பாரு," என்பான். ஒருக்கா, ஒருக்கா என்று ஏழெட்டு வருஷம். பிறகு ஈரல் கெட்டு வேலூரில் பதினாறு நாள் படுத்திருந்து, ஐப்பசியில் ஒரு விடியற்காலை இறந்துபோனான். கூட இருந்தது சாந்தாமணி மட்டும். பட்டறைக்குப் போன் வந்தபோது பதினொரு பஸ்கள் அன்று மாலைக்குள் வெளியே போக வேண்டியிருந்தன, நாலு பஸ்ஸுக்குக் கதவே மாட்டவில்லை. பூபதி ஒரு காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, ரிவெட் அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்தினார்: "நீ கூட்டிட்டு வந்துரு அம்மிணி. நான் இங்க ஆக வேண்டியதப் பாக்கறேன்." கூட்டிட்டு வந்துரு. எடுத்துட்டு வந்துரு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும், அல்லது இதோ நான் வருகிறேன் என்று. கூட்டிட்டு வந்துரு என்றால் அவன் நடந்து வருவானா? பன்னிரண்டு வருஷமாக அந்தச் சொல், பல்லில் மாட்டிய நார்போல, நாக்கு போய்ப் போய்த் தொட்டுத் திரும்புகிறது. மாமன் மச்சினன் உறவில் மச்சினனுக்குத் தோள் கொடுப்பது பெரிய காரியமில்லை. அதை அவர் கொடுத்தார், ஊர் வந்து சேர்ந்தபிறகு. வேலூரிலிருந்து கரூர் வரைக்கும் ஏழு மணி நேரம் வண்டியின் பின்னால் அவள் தனியாக உட்கார்ந்து வந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த அன்று சாப்பிடும்போது, "அந்தப் பனிமலைக்கு நாமளே ஒரு வண்டி கட்டிட்டுப் போலாம்," என்று அவர்தான் சொன்னார். அவள் சோறு பிசைந்த கையோடு அவரைப் பார்த்தாள். "போலாமுங்க," என்றாள். அவள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை.

டொக். ஒரு தட்டு. முன்பக்கத்திலிருந்து இடதுபக்கத் தகட்டுக்கு நகர்கிறாள். தண்ணீரின் சத்தமும் கூடவே நகர்ந்தது. டார்ச்சைத் திருப்பினார். ஆணித்தலைகள், மடிப்புகள், கறுப்புச் சீலண்ட் தடவிய ஓரங்கள். ஈரம் எங்கும் இல்லை. நல்ல பாடி. புரோக்கர் துரைராஜ் சொன்னது பொய்யில்லை. திண்டிவனத்துப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தான். "அண்ணா, இந்த வண்டி ஓடுன ஓட்டம் பூராவும் மெதுவா ஓடுன ஓட்டம். உள்ள வந்தவங்க யாரும் அவசரப்படுத்தல. பாதி தூரம் காலியாத் திரும்பி வந்த ஓட்டம். இஞ்சினப் பாருங்க, கொழந்த மாதிரி." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பூபதிக்கு அப்போதே புரிந்துவிட்டது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ முறை எழுதி மேடேறிப்போன பெரிய எழுத்துகள் இருந்தன. விரலால் தடவிப் படித்தார். அமரர் ஊர்தி. ஏதோ ஒரு சங்கம் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றது என்றான் துரைராஜ். வேண்டாமென்று நடந்துவிடத்தான் நினைத்தார். ஆனால் பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். டக். அந்தக் கதவுக்காகத்தான் வாங்கினார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சாந்தாமணியிடம் ரத்ததான வண்டி என்று சொன்னார். கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்திய அன்று அவள் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தாள், பின்படியில் கை வைத்தாள். "எந்த ஊரு வண்டிங்க?" "வடக்க. திண்டிவனம்." "ம்." அவ்வளவுதான். அன்றே எழுத்துகளைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தார். தகடு மெலிந்துவிடும் என்று பாதியில் நிறுத்தி, மேலே இரண்டு கோட்டிங் கிரீம் நிறம் அடிக்கச் சொன்னார். பெயிண்டர் போகும்போது சொன்னான்: "வெயில்ல தெரியாதுங்கண்ணா. நனைஞ்சாத்தான் லேசா மேடு காட்டும்."

நனைந்தால்.

சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றது. நனைந்தால் காட்டும் என்று அவன் சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. அதைக் கேட்ட அதே காதுதான் இன்று காலை ஓஸை எடு என்று சொன்ன வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. மனிதனுக்குள் ஒரு தகவல் இன்னொரு தகவலைச் சந்திக்க ஒன்பது நாள் ஆகுமா? இடதுபக்கத்தில் எழுத்து இல்லை. வலதுபக்கத்தில்தான். இன்னும் அங்கே போகவில்லை. போவதற்குமுன் நிறுத்திவிடலாம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தண்ணீர் குடி என்று சொல்லிவிடலாம். எழுந்தார். தலை கூரையின் இரும்பு விலாவில் இடித்தது. மூன்று முறை தட்டினார். தண்ணீர் நிற்கவில்லை. இன்னும் பலமாக, டொக் டொக் டொக். நிற்கவில்லை. இரண்டே எட்டில் பின்கதவுக்கு வந்தார். இருட்டில் கை தானாகவே போகிற உயரத்துக்குப் போயிற்று, இடுப்புக்கு ஒரு சாண் மேலே, கதவின் இடது ஓரத்தில். அங்கே ஒன்றும் இல்லை. கீழே தடவினார். மேலே தடவினார். வழுவழுவென்று ஒரே தகடு. டார்ச்சை அடித்துப் பார்த்தார். கைப்பிடி இல்லை, கைப்பிடி இருந்து கழற்றிய துளைகூட இல்லை. இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி என்று ஒன்று வைக்கப்பட்டதே இல்லை. உள்ளேயிருந்து யார் திறக்கப்போகிறார்கள்.

அவர் மாட்டிய கைப்பிடிகள் ஆயிரமா, அதற்கும் மேலா? உள் கைப்பிடி இல்லாத கதவைப் பட்டறையில் யாராவது மாட்டினால், "ஏண்டா, உள்ள ஏறுனவன் பஸ்ஸுக்குள்ளயே குடித்தனம் பண்றதா?" என்று அவர்தான் கத்துவார். இரண்டு மாதமாக இந்த வண்டியில் வேலை செய்கிறார். தினமும் வெளிச்சத்துக்காகக் கதவைக் கயிறு போட்டுத் தூணில் கட்டி வைத்துவிட்டு வேலை செய்தார். அவர் உள்ளே இருக்கும்போது கதவு சாத்தப்பட்டது இன்றுதான் முதல் முறை. பனியில், வெளியே இரண்டு அடி உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கையில், இவர்கள் இரண்டு பேரும் உள்ளே படுத்துக்கொண்டு சூடு போகாமல் கதவை இழுத்துச் சாத்தியிருப்பார்கள். டக். காலையில் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பார்கள், உலகம் இருக்கும். இருந்து என்ன? எல்லா ஓட்டையையும் அடைத்த வண்டி. அடுப்புக்காக வைத்த உள்ளங்கை அகலப் புகைபோக்கியைத் தவிர வழி இல்லாத வண்டி. அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது இன்னொன்றும் தோன்றியது. கட்டிலுக்குத் தரையில் துளை போடவே இல்லை. ஏற்கெனவே நான்கு போல்ட் துளைகள் இருந்தன. ஆறடிக்குச் சற்று மேல் நீளம், இரண்டடி அகலம். கச்சிதமாக இருக்கிறதே, ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். பக்கத்தில் ஒரு மடிப்புப் பலகை சேர்த்து அவளுக்கும் இடம் பண்ணினார். இதில்தான் இத்தனை நேரம் மல்லாந்து கிடந்தார்.

டொக். வந்த இடம் தப்பு. தண்ணீர் இன்னும் இடதுபக்கக் கூரையில்தான் விழுந்துகொண்டிருந்தது, தட்டு வலதுபக்கத்தில், தாழ்வாக, அவர் காதுக்கு நேராகக் கேட்டது. ஓஸ் அங்கே இருக்கும்போது ஆள் இங்கே எப்படி? மூச்சைப் பிடித்துக்கொண்டார். டொக் என்ற சத்தம் மறுபடி வரவில்லை. அதற்குப் பதில் ஒரு கீறல், மெல்லியது, நகத்தால் தகட்டில் இழுப்பது போல. அது ஒரு சுழி சுழித்தது, வளைந்தது, மேலே போய் நேராக ஒரு கோடாகக் கீழே இறங்கியது. நின்றது. அடுத்து ஒரு பெட்டி. கீழே, குறுக்கே, மேலே. பட்டறையில் இரைச்சலுக்கு நடுவே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பார்கள். அவர் இப்போது தகட்டைப் படித்தார். அ. ம. ர. தண்ணீர் கூரையிலிருந்து வழிந்து வலதுபக்கமும் நனைந்திருக்க வேண்டும். ஓஸைத் தூணில் கட்டிவிட்டு முக்காலியிலிருந்து இறங்கி வந்து, யாரோ, இல்லை, யாரோ என்ன, சாந்தாமணிதான், எழுத்தின் மேட்டை விரலால் தொட்டுக்கொண்டு போகிறாள். ஆனால் அந்த விரலில் அவசரம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவளின் விரலாக இல்லை. தெரிந்த வீட்டின் படிகளை இருட்டில் ஏறுகிறவளின் கால்போல ஒவ்வொரு எழுத்தாக ஏறியது. அப்போதுதான் அவருக்கு அந்தக் குளியல் நினைவுக்கு வந்தது. வண்டி வந்த அன்று சாயங்காலம் கொட்டகையிலிருந்து வீட்டுக்குப் போனதும் அவள் அடுப்படிக்குள் போகவில்லை. கொல்லையில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. புழுக்கம் என்று நினைத்தார். பிறகு கொட்டகைக்கு வந்துபோகிற நாளெல்லாம் அப்படியே செய்தாள். கார்த்திகைக் குளிரில் தலை துவட்டிக்கொண்டு நிற்பாள். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பதுபோல என்று ஒரு தடவை தோன்றியதை அவர்தான் அந்தப் பக்கம் தள்ளினார்.

கீறல் நின்றது. தண்ணீரின் சத்தம் நகர்ந்து வலதுபக்கக் கூரைக்கு வந்தது. அந்த இரைச்சலுக்குள் அவள் குரல், வாயைத் தகட்டில் வைத்துப் பேசுவதுபோல, பக்கத்தில் கேட்டது. "ஏனுங்க. படுத்திருக்கீங்களா?"

"அம்மிணி, தண்ணிய நிறுத்து. கதவத் தொற."

"படுங்க. பின்னால வலது பக்கம், ஓரத்துல இருந்து ரெண்டாவது ஆணி. அங்கதான் ஒழுகும்."

"அங்க இன்னும் தண்ணியே விடலியே."

அவர் படுத்தார். ஏன் படுத்தார் என்று பின்னால் யோசித்தால் தெரியப்போவதில்லை, அவள் சொன்னாள் என்பதைத் தவிர. டார்ச்சை அந்த ஆணிக்குப் பிடித்தார். தண்ணீரின் இரைச்சல் கால்மாட்டிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு, உடம்பின் மேலேயே நடந்து வருவதுபோல வந்தது. டொக், ஒரு தட்டு. ஆணித்தலை காய்ந்து கிடந்தது. சாதாரண ஆணி, சீலண்ட் நன்றாகவே பிடித்திருக்கிறது. ஒழுகாது என்று சொல்ல வாயெடுத்தார். ஆணியைச் சுற்றி ஒரு மினுமினுப்பு கூடியது, திரண்டது, தொங்கியது, கொஞ்ச நேரம் எதையோ யோசிப்பதுபோல நின்றது. விழுந்தது. ஐஸ் மாதிரி. இரு புருவத்துக்கும் நடுவில்.

இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கை எழவில்லை.

"நெத்தியிலதானுங்க வுழுந்துச்சு?" என்றது வெளியே குரல்.

அடுத்த சொட்டு விழுவதற்குள் பன்னிரண்டு வருஷமும் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றன. வேலூர். வடக்கு. மெதுவாக ஓடிய வண்டி. இவர் வாங்கிக்கொண்டு வந்தது ஏதோ ஓர் அமரர் ஊர்தியை அல்ல. லோகு வந்த வண்டியை. அவள் வந்த வண்டியை. அவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்த வண்டியை.

தண்ணீர் நின்றது. அந்த அமைதியில் கொட்டகையின் தகரம் வெயிலுக்கு முனகுவது கேட்டது. கொக்கி திரும்பியது, வெளிச்சம் உள்ளே விழுந்தது, முழங்கால் வரைக்கும் நனைந்த சேலையோடு சாந்தாமணி படியில் நின்றாள். தலைக்கு ஊற்றிக்கொண்டவள்போல முடியெல்லாம் ஈரம். அவர் எழப்போனார். "எந்திரிக்காதீங்க," என்றாள். ஏறி உள்ளே வந்து, திரும்பி, கதவை இழுத்தாள்.

"அய்யோ, சாத்தாத, உள்ள கைப்பிடி..."

டக்.

"தெரியுங்க," என்றாள் இருட்டில். "அன்னிக்கும் இல்ல." கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த சாக்பீஸை எடுத்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல் கையை உயர்த்தி, அந்த ஆணியைச் சுற்றி வட்டம் போட்டாள். "அன்னிக்குக் கையில இது இல்ல. தொப்பூர்ல மழ புடிச்சுது. அங்கிருந்து ஊரு வரைக்கும் அவன் நெத்தியிலயே வுழுகுது. டிரைவரைக் கூப்புட்டாக் கேக்கல. கண்ணாடியத் தட்டுனேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, எத்தன தட்டுனேன்னு எண்ணல. அப்பறம் இப்படிப் புடிச்சுக்கிட்டேன்." வலது உள்ளங்கையை அவர் நெற்றிக்கு மேலே, தொடாமல், கூரைபோல விரித்தாள். ஈர ஓஸின் வாசனை அடித்தது.

"நான் இத வித்துடறேன் சாந்தா. சத்தியமா எனக்கு இந்த வண்டிதான்னு தெரியாது. வேற பாக்கலாம். இல்ல, போகவே வேண்டாம்."

"போலாமுங்க. அவன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன எடம், இதுலயே போலாம். உள்ள ஒரு கைப்பிடி போடுங்க." விரித்த கையை எடுக்கவில்லை. "ஆனா மொதல்ல வேலூர்ல இருந்து வந்த இந்த ஓட்டத்த எங்கூட வந்து முடிங்க. நீங்கதான போன்ல சொன்னீங்க, கூட்டிட்டு வந்துருன்னு. கூட்டிட்டு வந்தேன். நீங்கதான் ஏறல."

ஒரு மணிக்கு எதிர்ப் பட்டறைக்கு டீ கொண்டுவருகிறவள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பாள், தட்டினால் திறப்பாள் என்று அவருடைய மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொரு மூலை, கீல்களின் திருகாணி உள்பக்கம்தானே, கழற்றிவிடலாம் என்றது. ஸ்குரூடிரைவர் கட்டிலுக்கடியில் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. கை போகவில்லை. வண்டி ஜாக்கியின் மேல் நின்றிருந்தது, சக்கரம் கழற்றியாகிவிட்டது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதுகுக்கடியில், பலகைக்கும் கீழே, அந்த நான்கு துளைகள் வழியாக, ரோடு மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருப்பதை உடம்பு உணர்ந்தது. உள்ளே வந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தாத ஓட்டம். செய்தித்தாள் ஒட்டிய கண்ணாடிகளுக்கு அப்பால் வெளிச்சம் மரம் மரமாக நகர்வதுபோல இருந்தது. அதைத் துடைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் உள்ளங்கை அசையாமல் இருந்தது. தன் கையை உயர்த்தி அவள் கைக்கடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை.

"இப்ப எங்க வந்திருக்கறோம்?" என்று கேட்டார்.

அவள் கண்ணாடிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான் ஆம்பூர்," என்றாள். "தொப்பூருக்கு இன்னும் நெறைய தூரம் கெடக்குதுங்க. மழ இன்னும் ஆரம்பிக்கல."

அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.